கோடோவில் 2டி அனிமேஷன்: வரைந்த படத்தைச் சிக்கலில்லாமல் கேமுக்குள் கொண்டுவருவது எப்படி?

வரையும் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும்போது உங்கள் கம்பு வீரன் அட்டகாசமாகச் சுழற்றுகிறான். அதே படங்களை கோடோ என்ற கேம் எஞ்சினுக்குள் போட்டதும் உருவம் மங்குகிறது. நடக்கும்போது இடுப்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் ஆள் சற்றுத் தள்ளிப் போய் நிற்கிறான். கைபேசியில் ஏற்றினால் சில சமயம் ஆளையே காணோம்.

இவற்றில் எதுவும் கோடோவின் கோளாறு அல்ல. முக்கால்வாசி, படத்தை ஏற்றுமதி செய்வதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கோடோவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித்தான். பேசுவது கோடோ 4 பற்றி. ஃபிரேம் ஃபிரேமாக வரைந்த அனிமேஷன் பற்றி. பழைய கோடோ 3 வைத்திருப்பவர்களுக்கு 5, 8, 9ஆம் படிகள் அப்படியே பொருந்தா.

முதல் பாத்திரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அமைப்புகள் ஒருமுறை சரியாகிவிட்டால் அடுத்தடுத்த பாத்திரங்கள் மளமளவென்று வந்துவிடும்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

கோடோ இலவசம். எம்ஐடி உரிமத்தில் வருவதால் கேம் எவ்வளவு சம்பாதித்தாலும் அவர்களுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை.

வரைவதற்கு, பிக்சல் ஆர்ட் (கட்டம் கட்டமாகத் தெரியும் சின்னப் படங்கள்) என்றால் ஏஸ்ப்ரைட். ஒருமுறை கட்டினால் போதும்; விலை 19.99 டாலர். ஸ்டீமில் ரூபாயிலேயே வாங்கலாம். இலவச சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், கோப்பைச் சேமிக்க மட்டும் முடியாது. இது தெரியாமல் ராத்திரி முழுக்க வரைந்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. பணம் போட விருப்பமில்லை என்றால் பிக்சலோரமா இருக்கிறது. இலவசம், கோடோவிலேயே எழுதப்பட்டது. தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். லிப்ரேஸ்ப்ரைட் என்பது ஏஸ்ப்ரைட்டின் பழைய திறந்த மூலப் பதிப்பிலிருந்து கிளைத்தது, அதுவும் இலவசம்.

தூரிகையில் வரைவது போன்ற படங்களுக்கு கிரிட்டா. அதன் சொந்தத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். கடைகளில் காசுக்கு இருப்பதும் அதே மென்பொருள்தான். அங்கே கொடுக்கும் பணம் நன்கொடை மாதிரி.

நீங்கள் வரையாமல் இணையத்தில் கிடைத்த ஸ்ப்ரைட்டுகளை (பாத்திரம், பொருள்களின் 2டி படங்களை) எடுக்கிறீர்கள் என்றால், படத்தோடு உரிமக் கோப்பையும் அன்றே சேமியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி0 என்றால் நன்றி சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. சிசி-பிஒய் என்றால் கேமின் நன்றிப் பக்கத்தில் பெயர் போட்டாக வேண்டும். அதோடு எஸ்ஏ சேர்ந்திருந்தால், நீங்கள் திருத்தி வெளியிடும் படமும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும். எந்தப் படம், எங்கே எடுத்தது, என்ன உரிமம், எந்தத் தேதி என்று ஒரு உரைக்கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். கேமை வெளியிடும் வாரத்தில் இதைத் தேடுவது நரக வேதனை.

2. கோப்பின் எடையை நம்பாதீர்கள், பிக்சலை எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் அநேகமாக ஏமாறும் இடம் இது. "என் ஷீட் வெறும் 600 கேபிதானே" என்பார்கள். ஷீட் என்பது எல்லா ஃபிரேமையும் கட்டம் கட்டமாக அடுக்கிய ஒரே படம். பிஎன்ஜி என்பது மடித்து வைத்த ஜமக்காளம். விரித்தால்தான் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரியும். திரையில் படம் வரையும் சில்லான ஜிபியுவின் நினைவகத்தில் அது விரிந்தபடிதான் கிடக்கும். ஒரு பிக்சலுக்கு 4 பைட். அகலம் × உயரம் × 4, அவ்வளவுதான் கணக்கு. ஒன்றுமே வரையாத வெற்று இடத்துக்கும் அதே 4 பைட்.

512 × 512 அளவில் ஒரு ஃபிரேம் சரியாக 1 எம்பி. உங்கள் வீரனுக்கு நிற்பது 12, நடப்பது 12, ஓடுவது 8, அடிப்பது 16 என்று 48 ஃபிரேம் இருந்தால் 48 எம்பி. ஒரே ஆளுக்கு! இதே அளவில் இன்னும் நான்கு விதமான எதிரிகள் வந்தால் 240 எம்பி. பின்னணிப் படங்கள் இன்னும் கணக்கில் வரவில்லை. விலை குறைந்த கைபேசி அங்கேயே மூச்சு வாங்கும்.

இப்போது திரையைப் பாருங்கள். 1920 × 1080 திரையில் அந்த வீரன் 200 பிக்சல் உயரத்துக்குத்தான் தெரிகிறான் என்றால் 512 எதற்கு? 256 × 256 போதும். பக்கம் பாதியானால் நினைவகம் கால்வாசி ஆகும்: 48 எம்பி இருந்த இடத்தில் 12 எம்பி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பிக்சல் ஆர்ட்டுக்கு இந்தக் கவலையே வேண்டாம். 64 × 64 ஃபிரேம் ஒன்று 16 கேபி. 48 ஃபிரேமும் சேர்ந்தால் 768 கேபி. தாராளமாக வரையுங்கள்.

ஏற்கெனவே பெரிதாக வரைந்துவிட்டவர்களுக்கு: சுருக்குவதை மூலக் கோப்பில் செய்யுங்கள், தயாரான ஷீட்டில் செய்யாதீர்கள். ஷீட்டைச் சுருக்கினால் கட்டங்களின் எல்லை அரை பிக்சலில் போய் விழும். பக்கத்து ஃபிரேமின் கம்பு நுனி இந்த ஃபிரேமில் எட்டிப் பார்க்கும்.

3. எல்லா அசைவுக்கும் ஒரே கேன்வாஸ், ஒரே பாதப் புள்ளி

நிற்பதை 48 × 64இலும் அடிப்பதை 128 × 64இலும் தனித்தனிக் கோப்பாக வரைந்தால், அசைவு மாறும் ஒவ்வொரு தடவையும் ஆள் குதிப்பான். கோடோ இயல்பாகப் படத்தின் நடுவை வைத்துத்தான் நிறுத்தும். கேன்வாஸ் மாறினால் நடுவும் மாறும்.

கம்பு முழுக்க நீளும் ஃபிரேம் எதுவோ, அதை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். 128 × 96 தேவைப்பட்டால் எல்லா அசைவும் 128 × 96. வெற்று இடம் வீணாகிறதே என்று பிக்சல் ஆர்ட்டில் கவலைப்பட வேண்டாம். பெரிய படங்களுக்கு 4ஆம் படியின் கடைசியில் வழி இருக்கிறது.

பாதம் எங்கே என்பதையும் முடிவு செய்யுங்கள். 128 × 96 கேன்வாஸில் இரு கால்களுக்கும் நடுப்புள்ளி இடமிருந்து 64, மேலிருந்து 92 என்று வைத்துக்கொண்டால், நிழலுக்குக் கீழே 4 பிக்சல் மிச்சம். வழிகாட்டி லேயர் ஒன்றில் அந்தப் புள்ளியில் ஒரு சிவப்புக் குறி போட்டு, எல்லா ஃபிரேமிலும் அது தெரியும்படி வரையுங்கள். ஏற்றுமதியின்போது அந்த லேயரை மறைத்துவிட்டால் சரி.

இடமிருந்து 64 என்பது தற்செயலான எண் அல்ல. கோடோவில் ஃபிளிப் ஹெச் என்பதை அழுத்தினால் படம் தன் சட்டத்துக்குள்ளேயே கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பும். பாதம் அகலத்தின் சரி நடுவில் இல்லை என்றால், திரும்பும்போதெல்லாம் ஆள் பக்கவாட்டில் நகர்ந்து நிற்பான். அகலமும் உயரமும் இரட்டைப்படையாகவே இருக்கட்டும். 65 பிக்சல் அகலப் படத்தின் நடு 32.5, பிக்சல் ஆர்ட்டில் அந்த அரை பிக்சல் உருவத்தைச் சிதைத்துக் காட்டும்.

4. ஷீட்டாக ஏற்றுமதி

கிஃப் கோப்பை அப்படியே கோடோவுக்குள் இழுத்துப் போட்டு ஓடவில்லை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அசையும் கிஃப்பை கோடோ இறக்குமதி செய்யாது. எம்பி4 வீடியோவும் நேரடியாக எடுக்காது. அதற்கு வீடியோ என்றால் தியோரா மட்டும்தான், அதிலும் ஒளிபுகும் பின்னணி கிடைக்காது. 48 தனி பிஎன்ஜி போடலாம், வேலை செய்யும். ஆனால் 48 கோப்பு, 48 டெக்ஸ்சர் (ஜிபியுவில் ஏற்றிய படம்), நிர்வகிக்கவும் தொல்லை. ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஷீட் என்பதுதான் நல்ல பழக்கம். ஒரே டெக்ஸ்சரைப் பகிரும் ஸ்ப்ரைட்டுகளைச் சேர்த்து வரைய எஞ்சினுக்கும் வசதி.

அதற்காகக் கேமில் உள்ள எல்லாரையும் ஒரே பெரிய ஷீட்டில் அடைக்காதீர்கள். ஒரு சின்னக் கோழிக்குஞ்சைக் காட்டினாலும் முழு ஷீட்டும் நினைவகத்தில் ஏறும்.

ஏஸ்ப்ரைட்டில் முதலில் டேக் போடுங்கள்: நிற்பது, நடப்பது, ஓடுவது, அடிப்பது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று. பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஸ்ப்ரைட் ஷீட். குறுக்குவழி கன்ட்ரோலும் ஈ-யும். அங்கே கவனிக்க வேண்டியவை:

ஷீட் வகை "பை ரோஸ்" என்று இருக்கட்டும். ஹரிசான்டல் ஸ்ட்ரிப் பார்க்க அழகு, ஆனால் 512 அகலத்தில் 48 ஃபிரேம் என்றால் 24,576 பிக்சல் நீளம். 16,384ஐத் தாண்டிய படத்தை கோடோவே ஏற்காமல் போகலாம். பழைய கைபேசிகள் பலவற்றுக்கு 4096தான் எல்லை. கைபேசியில் மட்டும் ஆள் காணாமல் போவதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். வரிசைக்கு 8 வீதம் 6 வரிசையாக அடுக்கினால் 4096 × 3072. அடுத்துச் சொல்லும் இன்னர் பேடிங் சேர்ந்தால் 4112 × 3084 ஆகிவிடும்; பழைய கைபேசிக்கு 2ஆம் படியில் சொன்ன 256 × 256 ஃபிரேம்தான் வழி.

இடைவெளி: பார்டர், ஸ்பேசிங், இன்னர் பேடிங் என்று மூன்று பெட்டிகள் இருக்கும். பார்டரும் ஸ்பேசிங்கும் 0. இன்னர் பேடிங் 1. இதனால் 128 × 96 கட்டம் 130 × 98 ஆகிறது. எல்லாக் கட்டமும் ஒரே அளவு, எல்லாப் பக்கமும் ஒரு பிக்சல் காலி. கோடோவில் படத்தைக் காட்டும் ஸ்ப்ரைட்2டி கணு (நோட், காட்சியைக் கட்டும் ஒரு துண்டு) ஷீட்டைச் சம கட்டங்களாக வகுத்துக்கொண்டே போகும். இடையில் ஸ்பேசிங் விட்டிருந்தால் அதற்குப் புரியாது, ஒவ்வொரு ஃபிரேமும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இன்னர் பேடிங்கில் அந்தப் பிரச்சினை இல்லை. தரை, சுவர் மாதிரி ஓரம்வரை நிறம் நிரம்பிய படங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரூட் என்பதையும் தேர்வு செய்யுங்கள். ஓர பிக்சலை வெளியே ஒரு சுற்று நகலெடுத்து வைக்கும்.

ட்ரிம் செல்ஸ் வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமிலும் வெற்று இடத்தை வெட்டிவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாகி, கட்டம் போட்டு வெட்டும்போது ஆள் நடுங்குவான். 3ஆம் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

ஜேசான் டேட்டாவைத் தேர்வு செய்து, டேக்ஸ் என்ற பெட்டியிலும் குறி போடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடி என்பது அந்தக் கோப்பில்தான் இருக்கும். பிஎன்ஜியில் நேரம் இல்லை.

கிரிட்டாக்காரர்கள் ரெண்டர் அனிமேஷன் போய் இமேஜ் சீக்வென்ஸ் எடுக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி லேயரை மறைத்தீர்களா, ஆல்ஃபா சேனலைச் (எந்த இடம் ஒளிபுகும் என்ற தகவலை) சேமிக்கும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கிரிட்டா இயல்பாக நொடிக்கு 24 ஃபிரேம் வைத்திருக்கும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வரைவதுதான் வழக்கம் என்பதால், அப்படியே ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வரும். நினைவகமும் இரண்டு மடங்கு. மாறும் ஃபிரேம்களை மட்டும் எடுக்கும் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள், எது எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வந்த பிஎன்ஜிகளில் முதலாவதை ஏஸ்ப்ரைட்டில் திறந்தால் மற்றவற்றையும் அனிமேஷனாக ஏற்றட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, மேலே சொன்னபடி ஷீட் எடுக்கலாம். இந்தத் தனிப் படங்களின் கோப்புறை கோடோ திட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே போட்டால் அத்தனையையும் உட்கார்ந்து இறக்குமதி செய்யும்.

பெரிய படங்களில் வெற்று இடம் நிஜமாகவே உறுத்தினால்: பேக்டு வகை ஷீட்டும் ட்ரிம்மும் போட்டு, ஜேசானைப் படித்து அட்லஸ்டெக்ஸ்சர்களை (ஷீட்டின் ஒரு துண்டை மட்டும் காட்டும் டெக்ஸ்சர்) உருவாக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுத வேண்டும். ஷீட்டில் ஃபிரேம் இருக்கும் செவ்வகம் ரீஜனுக்குப் போகும். வெட்டிய துண்டு மூலக் கேன்வாஸில் இருந்த இடம் மார்ஜினின் பொசிஷன். மூல அளவிலிருந்து துண்டின் அளவைக் கழித்தால் வருவது மார்ஜினின் சைஸ். இதை விட்டுவிட்டு ரீஜனை மட்டும் போட்டால் மறுபடி நடுக்கம்தான். முதல் கேமுக்கு இந்தப் பாதை வேண்டாம் என்பது என் கருத்து.

5. கோடோ திட்டத்தில் ஒரே ஒரு தடவை மாற்ற வேண்டியவை

பிக்சல் ஆர்ட் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், இயல்பு வடிகட்டி பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து காட்டும் லீனியராக இருப்பது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், ரெண்டரிங், டெக்ஸ்சர்ஸ், அங்கே கேன்வாஸ் டெக்ஸ்சர்ஸ் பகுதியில் டிஃபால்ட் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் ஆக்குங்கள். கோடோ 3இல் இது ஒவ்வொரு படத்தின் இறக்குமதியிலும் இருந்தது; பழைய வீடியோக்களைப் பார்த்து இறக்குமதிப் பலகையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தூரிகைப் படமென்றால் லீனியராகவே விடுங்கள். நியரஸ்ட் போட்டால் ஓரம் ரம்பம் ரம்பமாகத் தெரியும்.

அதே ரெண்டரிங் பிரிவில் 2டி, ஸ்னாப் என்ற இடத்தில் ஸ்னாப் 2டி டிரான்ஸ்ஃபார்ம்ஸ் டு பிக்சல் என்பதைப் பிக்சல் ஆர்ட்காரர்கள் ஆன் செய்யலாம். கைபேசிக்கு வெளியிடப் போகிறீர்கள், 6ஆம் படியில் சொல்லும் விராம் (ஜிபியு நினைவக) சுருக்கத்தையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் டெக்ஸ்சர்ஸ் பகுதியில் இம்போர்ட் இடிசி2 ஏஎஸ்டிசி ஆன்.

6. இம்போர்ட் பலகை

ஷீட்டை கோப்புறையில் போட்டு, கோடோவில் அதைத் தேர்ந்தெடுத்து, இம்போர்ட் பலகையைத் திறங்கள். எதை மாற்றினாலும் ரீஇம்போர்ட் பொத்தானை அழுத்தினால்தான் நடைமுறைக்கு வரும்.

கம்ப்ரஸ் மோடில் லாஸ்லெஸ் என்பதுதான் இயல்பு; பிக்சல் ஆர்ட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம். லாஸி என்று மாற்றினால் வட்டில் கோப்பு சிறுக்கும், வெளியிடும் கேமின் எடை குறையும். ஆனால் ஜிபியு நினைவகத்தில் ஒரு பைட்கூடக் குறையாது. விராம் கம்ப்ரஸ்டு மட்டும்தான் அங்கேயும் குறைக்கும், நான்கில் ஒரு பங்காக. 48 எம்பி ஷீட் 12 எம்பி ஆகும். விலை: மெல்லிய கோடுகளும் மென்மையான நிழல்களும் கட்டம் கட்டமாகக் கறைபடும். பெரிய பின்னணி, புகை, வெடிப்பு மாதிரியானவற்றில் கறை தெரியாது, முகத்தில் தெரியும். ஷீட்டின் அகல உயரங்கள் 4ஆல் வகுபட வேண்டும்.

ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர் இயல்பாகவே ஆன். அணைத்தால் உருவத்தைச் சுற்றிக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு விளிம்பு தெரியும்.

மிப்மேப் (படத்தின் சுருக்கிய நகல்களையும் சேர்த்து வைப்பது) இயல்பாக ஆஃப். கேமரா தூரப் போய், படம் பாதி அளவுக்கும் கீழே சுருங்கினால் மட்டும் ஆன் செய்யுங்கள். நினைவகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், வடிகட்டியையும் மிப்மேப் உள்ள வகைக்கு மாற்ற வேண்டும்.

சைஸ் லிமிட் என்ற பெட்டி ஆசை காட்டும். அது முழு ஷீட்டையும் சுருக்கிவிடும். அடுத்த படியில் வெட்டி வைத்த ஃபிரேம் எல்லைகள் பழைய பிக்சல் எண்களிலேயே நிற்கும். எல்லாம் கலைந்து போகும்.

பலகையின் மேலே இருக்கும் ப்ரீசெட் மூலம் உங்கள் தேர்வுகளையே இயல்பாக்கிவிடுங்கள். அடுத்த படங்களுக்கு இந்த வேலை மிச்சம்.

7. ஷீட்டை வெட்டுவது

அனிமேட்டட்ஸ்ப்ரைட்2டி கணுவைச் சேர்த்து, ஸ்ப்ரைட் ஃபிரேம்ஸ் பண்பில் புதியது ஒன்றை உருவாக்குங்கள். அதைச் சொடுக்கினால் கீழே ஒரு பலகை திறக்கும். கட்டம் போட்ட சின்னத்தை அழுத்தினால் ஷீட்டைக் கேட்கும்.

வரும் சன்னலில் நெடுக்கை எண்ணிக்கை, கிடக்கை எண்ணிக்கை கொடுக்கலாம். அல்லது கட்டத்தின் அளவை நேராகக் கொடுக்கலாம். நம் கணக்கில் 130 × 98. செபரேஷனும் ஆஃப்செட்டும் 0. ஃபிரேம்களைத் தேர்ந்தெடுங்கள், நடக்கும் அசைவுக்கு 13 முதல் 24 வரை.

அசைவுப் பெயர்களை ஏஸ்ப்ரைட் டேக்குகளின் பெயராகவே வையுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் ஓடும்போதுதான் பிழைச்செய்தி வரும்.

சென்டர்டு குறியை எடுத்துவிட்டு, ஆஃப்செட்டில் பாதப் புள்ளியைக் கழித்தல் குறியோடு போடுங்கள். பாதம் (64, 92). இன்னர் பேடிங்கால் ஒரு பிக்சல் கூடி (65, 93). ஆக ஆஃப்செட் (-65, -93). இனி கணுவின் இடம் என்பது ஆளின் பாதம். உயரத்தை வைத்து முன்பின் வரிசைப்படுத்தும் ஒய் சார்ட் கேம்களில் இது இல்லாமல் முடியாது.

கடைசியாக ஸ்ப்ரைட் ஃபிரேம்ஸைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். காட்சிக்குள்ளேயே விட்டால் இன்னொரு காட்சியில் பயன்படுத்த மறுபடி வெட்ட வேண்டும். ஒரே கோப்பைப் பகிரும் 30 எதிரிகள் நின்றாலும் டெக்ஸ்சர் நினைவகத்தில் ஒரு தடவைதான்.

8. நேரக் கணக்கு

புதிய அசைவு ஒவ்வொன்றும் நொடிக்கு 5 ஃபிரேம் என்று தொடங்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, "என் அனிமேஷன் மெதுவாக ஓடுகிறது" என்று கவலைப்படுவது சகஜம்.

ஏஸ்ப்ரைட் மில்லிநொடியில் பேசும். கோடோ, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு பெருக்கு எண்ணையும் வைத்துப் பேசும். இரண்டையும் இணைக்க எளிய வழி: வேகத்தை 10 ஆக்குங்கள். அப்போது பெருக்கு எண் 1 என்றால் 100 மில்லிநொடி. மீதியெல்லாம் மனக்கணக்கு.

ஆறு ஃபிரேம் அடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பை ஓங்குவது 150, உச்சியில் 100, வீசுவது 50, படுவது 50, பட்ட இடத்தில் நிற்பது 200, மீள்வது 100. கோடோவில் பெருக்கு எண்கள் 1.5, 1, 0.5, 0.5, 2, 1. மொத்தம் 6.5, அதாவது 650 மில்லிநொடி. ஆறுக்கும் 1 என்றே விட்டிருந்தால் 600. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அடியில் கனமே இருக்காது. ஓங்குவது நீண்டு, வீசுவது சட்டென்று முடிந்து, பட்ட இடத்தில் நின்றால்தான் அடி அடியாகத் தெரியும்.

திரையையும் கணக்கில் எடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லிநொடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கும். நொடிக்கு 10, 12, 15, 20 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படமும் முறையே 6, 5, 4, 3 புதுப்பிப்புகளுக்கு நிற்கும், சீராக ஓடும். 24 என்றால் இரண்டரை. அரைப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. ஒரு படம் 2, அடுத்தது 3 என்று மாறி மாறி நிற்கும். நடையில் இந்தத் தடுமாற்றம் கண்ணை உறுத்தும். சினிமாக் கணக்கான 24ஐ விட்டுவிட்டு நடைக்கு 12 வையுங்கள். படமும் பாதிதான் வரைய வேண்டும்.

ஏஸ்ப்ரைட்டில் பிங்-பாங் (போய்த் திரும்பி வரும் ஓட்டம்) போட்டிருந்தால், ஷீட்டில் திரும்பி வரும் ஃபிரேம்கள் இருக்காது. கையால் சேர்க்க வேண்டும்: 1, 2, 3, 4, 3, 2. கடைசியில் மறுபடி 1 போட்டால் மூச்சு விடும் அசைவு ஒரு கணம் தட்டி நிற்கும்.

9. நிரலில் கவனிக்க வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் அசைவையே ஒவ்வொரு ஃபிரேமிலும் பிளே செய்தாலும் முதலிலிருந்து தொடங்காது, பயப்பட வேண்டாம். ஸ்டாப் என்றால் முதல் ஃபிரேமுக்குத் திரும்பும். நின்ற இடத்திலேயே நிறுத்த பாஸ்.

அடி முடிந்ததும் நிற்கும் நிலைக்குப் போக வேண்டும் என்று அனிமேஷன் ஃபினிஷ்டு சிக்னலை (நடந்ததை நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பை) இணைத்திருப்பீர்கள்; வரவே வராது. அந்த அசைவின் லூப் பொத்தான் ஆனில் இருக்கிறதா பாருங்கள். லூப்பில் ஓடுவது முடிவதே இல்லை. அதற்கு அனிமேஷன் லூப்டு என்ற வேறு சிக்னல். புதிய அசைவுகள் லூப் ஆனிலேயே பிறக்கும் என்பதுதான் சூழ்ச்சி.

நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது கால் தாளம் தப்பினால், தற்போதைய ஃபிரேமையும் ப்ராக்ரஸையும் (அந்த ஃபிரேமில் எவ்வளவு ஓடியது என்பதையும்) மாறுவதற்கு முன் எடுத்து வைத்து, பிளே செய்த பின் செட் ஃபிரேம் அண்ட் ப்ராக்ரஸ் மூலம் கொடுங்கள். இரண்டு அசைவிலும் ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் அப்படியே பொருந்தும். 12க்கும் 8க்கும் இடையே என்றால் விகிதம் பார்க்க வேண்டும்.

அடி படும் ஃபிரேமில் மட்டும் தாக்கும் பகுதி உயிர்பெற வேண்டும், சத்தம் வர வேண்டும் என்றால் அனிமேட்டட்ஸ்ப்ரைட்2டி போதாது. ஃபிரேம் சேஞ்ச்டு சிக்னலில் எண்ணைச் சோதித்துச் செய்யலாம்தான். ஆனால் நடுவில் ஒரு ஃபிரேம் கூட்டி வரைந்த அன்று எல்லா எண்ணும் தப்பும். சண்டை போடும் பாத்திரத்துக்கு ஸ்ப்ரைட்2டியும் அனிமேஷன்பிளேயரும் என்று தொடக்கத்திலேயே போய்விடுங்கள். ஹெச்ஃபிரேம்ஸ் 8, விஃபிரேம்ஸ் 6 கொடுத்து, ஃபிரேம் பண்புக்குச் சாவி (கீஃபிரேம், எந்த நேரத்தில் எந்த மதிப்பு என்ற குறி) போடுங்கள். அந்தத் தடத்தின் அப்டேட் மோட் டிஸ்கிரீட்டாக இருக்கட்டும். தாக்கும் பகுதிக்கு ஒரு தடம், சத்தத்துக்கு ஒரு தடம் அதற்குக் கீழேயே வரும். ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஷீட் என்ற பழக்கம் இங்கேதான் பலன் தரும். அசைவுக்கு ஒரு ஷீட் என்று பிரித்திருந்தால் டெக்ஸ்சர், ஹெச்ஃபிரேம்ஸ், ஃபிரேம் மூன்றுக்கும் சாவி போட்டு, வரிசை தப்பினால் பிழைச்செய்தி வாங்க வேண்டும்.

மரம், விளக்கு, காசு, சாதாரண எதிரிகள்: இவற்றுக்கு அனிமேட்டட்ஸ்ப்ரைட்2டியே போதும்.

10. படத்தைத் திருத்தும்போது

ஃபிரேமைத் திருத்தி, அதே பெயரில் அதே இடத்தில் ஷீட்டை மேலெழுதுங்கள். கோடோ சன்னலுக்குத் திரும்பியதும் தானாக மறு இறக்குமதி நடக்கும். புதிய அசைவை ஷீட்டின் கடைசியில் சேருங்கள்; நடுவில் நுழைத்தால் பின்னால் உள்ள எல்லா எண்ணும் நகரும்.

கோப்பின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் கோடோவின் கோப்புப் பலகைக்குள்ளிருந்தே மாற்றுங்கள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் போகும் கேமுக்கு அப்படி அல்ல. கணினியில் ஓடி, கைபேசியில் படம் வராமல் போவதற்கு இரண்டாவது சந்தேகம் இதன்மேல்.

மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தோன்றும் இம்போர்ட் என்று முடியும் கோப்பையும் சேர்த்து கமிட் செய்யுங்கள். 6ஆம் படியில் செய்த தேர்வுகள் அதில்தான் இருக்கின்றன. புள்ளியில் தொடங்கும் கோடோ கோப்புறையை மட்டும் விலக்குங்கள்.

தினமும் படம் மாறும் நிலையில் இருந்தால் ஏஸ்ப்ரைட் விசார்ட் என்ற இலவசச் செருகு நிரலைப் பாருங்கள். டேக், நேரம் எல்லாவற்றையும் படித்து அதுவே அசைவுகளை உருவாக்கும். உங்கள் கணினியில் ஏஸ்ப்ரைட் நிறுவியிருக்க வேண்டும். கையால் ஒரு பாத்திரமாவது செய்து பார்த்த பிறகு இதற்கு வாருங்கள். இல்லையென்றால் ஏதாவது கோணும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாது.

11. அளந்து பாருங்கள்

கேமை ஓடவிட்டு, கீழே டீபக்கரில் வீடியோ ராம் தாவலைத் திறங்கள். எந்த டெக்ஸ்சர் எவ்வளவு பிடிக்கிறது என்று பட்டியல் வரும். 2ஆம் படியின் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். மேலே நிற்கும் இரண்டு மூன்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். 16 கேபி காசு அனிமேஷனில் சிக்கனம் பிடிப்பது வெட்டி வேலை.

பெரிய வில்லன் திரைக்கு வரும் கணத்தில் கேம் ஒரு நொடி உறைகிறது என்றால், அவன் ஷீட் அப்போதுதான் வட்டிலிருந்து ஏறுகிறது. காட்சி தொடங்கும்போதே ரிசோர்ஸ்லோடரின் லோட் த்ரெடெட் ரிக்வெஸ்ட் மூலம் பின்னணியில் ஏற்றச் சொல்லிவிடுங்கள். அவன் மட்டும் திரையில் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரியவன் என்றால் ஃபிரேம் ஃபிரேமாக வரையாமல், கை கால்களைத் தனித்தனியாக வரைந்து ஸ்கெலிட்டன்2டியில் கோப்பது மலிவு. கை, கால், தலை, உடல் எல்லாம் சேர்ந்து ஒரு 1024 × 1024 படத்தில் அடங்கினால் 4 எம்பி. அதன்பின் எத்தனை அசைவு சேர்த்தாலும் படத்துக்கான நினைவகம் அதே 4 எம்பிதான்.